ஓட்டோ கியர் ஸ்லிப் ஆனால்: கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்களின் ஓட்டோ கியர் ஜீப்புக்கு ஏதும் வருத்தம் இருந்தால் அது கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் தெரியவரும். மாவனல்லை வரை ஒரு குறையும் இருக்காது. ஏற்றம் தொடங்கி, முன்னால் ஊர்ந்து போகும் லொறியை முந்துவோம் என்று அக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறும், ஆர்.பி.எம். முள் 4000ஐத் தாண்டும், ஆனால் வாகனம் சைக்கிள் வேகத்தில் போகும். பின்னால் இருப்பவர் ஹோர்ன் அடிப்பார். உள்ளே இருக்கும் பிள்ளைகள் "வாப்பா, என்ன சத்தம்?" என்று கேட்பார்கள்.

எனக்கும் இது நடந்தது. குடும்பத்தோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில். மேலே ஏறிச் சமதரைக்கு வந்ததும் வாகனம் பழையபடி ஓடியது. நானும் "சூடாகியிருக்கும்" என்று மனதைத் தேற்றிக் கொண்டேன். நோன்பு கால வியாபாரம் தலைக்கு மேல் இருந்ததால் பெருநாள் முடியட்டும், பார்ப்போம் என்று இரண்டு மாதம் அப்படியே ஓடினேன். சில வாரங்களுக்குப் பின்னர் என் மச்சானுடைய வாகனத்துக்கும் இதே குறை வந்தது. அவர் அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி, கெரியர் லொறி ஒன்றை அழைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் போனது ஒரு குழாய், ஒரு கிளிப், சில லீற்றர் ஒயில். எனக்குப் போனது முழு கியர் பொக்ஸ் வேலை. அவருடைய செலவை ஆயிரங்களில் எண்ணலாம், என்னுடையதை இலட்சங்களில்தான் எண்ண வேண்டும். இருவருக்கும் ஆரம்பக் காரணம் ஒன்றே, ஒயில் ஒழுக்கு.

வியாபாரிகளான எமக்கு ஜீப் என்பது வெறும் குடும்ப வாகனமல்ல. காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, அதே வாகனத்தில்தான் புறக்கோட்டைக்குப் போய்ச் சாமான் எடுக்கிறோம், கடன் வசூலிக்கப் போகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்து விடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்ததை வைத்தே ஓட்டியதால், இன்று எம்மிடம் இருப்பவற்றில் பல பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேற்பட்டவை. அவற்றின் கியர் பொக்ஸ்கள் களைத்துப் போகும் பருவம் இது. ஆகவே விடயத்தைச் சற்று விளங்கிக் கொள்வது நல்லது. விளங்காதவனிடம்தான் கராஜில் பெரிய பில் நீட்டப்படும்.

மிளகாய்த் தூள் அரைக்கும் மில் வைத்திருப்பவர்களுக்கு இதை இலகுவாகச் சொல்லலாம். பெல்ட் தளர்ந்தால் மோட்டர் வேகமாகச் சுற்றும், கல் சுற்றாது. பெல்ட்டிலிருந்து கருகிய மணம் வரும். ஓட்டோ கியர் பொக்ஸில் பெல்ட்டின் வேலையைச் செய்பவை கிளச் பிளேட்டுகள். கையால் போடும் கியரில் ஒரு பெரிய கிளச் பிளேட்தான் உண்டு. இதிலோ சிறிய வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. ஒரு தகடு வெறும் இரும்பு, அடுத்தது காகிதம் போன்ற நார் ஒட்டிய தகடு. கியர் ஒயிலை ஒரு பம்ப் அழுத்தி இந்த அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும்போது தகடுகள் ஒன்றாகச் சுற்றுகின்றன. எந்த அடுக்கைப் பிடிப்பது, எதை விடுவது என்பதை வால்வ் பொடி என்ற பகுதியும் அதிலுள்ள சொலினோய்ட்டுகளும் தீர்மானிக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை கொடுப்பது ஒரு சிறு கம்பியூட்டர்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். ஸ்லிப் என்றால் பிடிப்பு போதாது. பிடிப்பு போதாமைக்கு தகடு தேய்ந்திருக்கலாம். தகடு நன்றாகவே இருந்து அதை அழுத்தும் ஒயில் குறைந்திருக்கலாம். ஒயில் நிறைய இருந்தும் பில்டர் அடைத்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் சொலினோய்ட்டோ அதன் வயரோ பழுதாகியிருக்கலாம். முதலாவது ஒன்றுக்குத்தான் கியர் பொக்ஸைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். மற்றவற்றைப் பெரும்பாலும் கழற்றாமலே பார்க்கலாம். ஆனால் மற்றவற்றைக் கவனிக்காமல் ஓடினால் அவை எல்லாம் முதலாவதில் போய் முடியும். தகடு வழுக்கும்போது சூடு பிறக்கிறது, அந்தச் சூட்டில் ஒயிலும் நாரும் கருகுகின்றன, கருகிய தகடு மேலும் வழுக்குகிறது. என்னுடைய இரண்டு மாதத்தில் நடந்தது இதுதான்.

முதலில் உங்களுக்கு வந்திருப்பது ஸ்லிப்தானா என்று பாருங்கள். பி இலிருந்து டி க்கு மாற்றினால் ஒரு நொடிக்குள் வாகனம் மெல்ல இழுக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு "டக்" என்று அடித்தால் அது ஓர் அறிகுறி. ஓடும்போது கியர் மாறும் இடத்தில் ஆர்.பி.எம். முள் குறைவதற்குப் பதிலாகத் துள்ளி ஏறினால் அது இன்னொரு அறிகுறி. எஞ்சின் பலமில்லாமல் இருந்தாலும் ஏற்றத்தில் வாகனம் ஏறாது. ஆனால் அப்போது முள்ளும் ஏறாது. முள் ஏறி வேகம் ஏறாவிட்டால்தான் ஸ்லிப். சி.வி.டி. என்னும் வகைக் கியர் உள்ள வாகனங்களில் மிதித்தவுடன் முள் ஏறி ஒரே இடத்தில் நிற்பதும், வேகம் பின்னால் வந்து சேர்வதும் அதன் இயல்பு. புதிதாக அந்த வகை வாகனம் வாங்கியவர் பயந்து கராஜுக்கு ஓட வேண்டாம்.

எந்தக் கியரில், எப்போது என்பதைத் தாளில் குறித்துக் கொள்ளுங்கள். காலைக் குளிரிலா, சூடேறிய பின்னரா? வளைவிலும் ஏற்றத்திலும் மட்டுமா? ரிவர்ஸ் நன்றாக இருந்து முன்னோக்கி மட்டும் வழுக்குகிறதா? வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் என்றால் ஒயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் கியரிலும் வழுக்கினால் ஒயில், பில்டர், பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியருக்குரிய தகட்டு அடுக்கோ, சொலினோய்ட்டோ. இதைச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளரிடம் பாஸ்மாரும் வேறு விதமாகப் பேசுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது ஒயில். எஞ்சின் ஒயிலைப் போலன்றி கியர் ஒயில் எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊற்றி நிரப்பிவிட்டு ஒழுக்கைத் தேடாமல் விடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதற்குச் சமம். இரவில் வாகனத்துக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள், காலையில் எந்த இடத்தில் சிவப்புச் சொட்டு விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அடிச்சட்டியின் கெஸ்கட், எக்ஸல் சீல்கள், ரேடியேற்றருக்குப் போகும் கூலர் குழாய்கள், இவைதான் வழமையான இடங்கள்.

அளவுக்கம்பி உள்ள வாகனமானால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைக்கும் ஒரு முறை கொண்டு போய் பி க்கு எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹொண்டாவில் மட்டும் எஞ்சினை நிறுத்தியவுடன் பார்ப்பது முறை. இது தெரியாமல் பார்த்து அளவுக்கு மேல் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. கூடினாலும் ஆபத்துதான், ஒயில் கடையப்பட்டு நுரைத்து, காற்றுக் கலந்து, அதனாலும் ஸ்லிப் ஆகும். பிற்காலத்தில் வந்த பல வாகனங்களில் அளவுக்கம்பியே இல்லை. உதாரணமாக 120 வகை பிராடோவின் ஐந்து கியர் பொக்ஸில், ஒயில் குறிப்பிட்ட அளவு சூட்டில் இருக்கும்போது கீழேயுள்ள ஓவர்புளோ நட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இதைச் சரிவர அறிந்தவரிடமே கொடுங்கள்.

ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் அல்லது டிஷூவில் தொட்டுப் பாருங்கள். தெளிவான சிவப்பு என்றால் மகிழ்ச்சி. சற்று மங்கிய பழுப்பு என்றால் பழையது, மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, கருகிய மணம் வந்தால் தகடு எரிந்திருக்கிறது. பலூதா போல இளஞ்சிவப்பில் பால் கலந்தது மாதிரி இருந்தால் வாகனத்தை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் கூலர் உடைந்து தண்ணீரும் கூலண்டும் கியர் ஒயிலோடு கலந்திருக்கிறது. கூலண்ட் பட்டால் தகட்டில் நாரை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். ஒரு நாள் தாமதமும் பெரிய நட்டம்.

எந்த ஒயில் ஊற்றுவது என்பதில்தான் எமது ஊர்களில் அதிகத் தவறு நடக்கிறது. "சிவப்பு ஒயில் எல்லாம் ஒன்றுதான் ஹாஜியார்" என்று ஒரு சேர்விஸ் நிலையத்தில் எனக்கும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ஒன்றல்ல. பழைய மிட்சுபிஷி மொன்டேரோக்களுக்கு எஸ்.பி.3, டொயோட்டாவின் பழையவற்றுக்கு டீ.4, பின்னர் வந்தவற்றுக்கு டபிள்யூ.எஸ்., ஹொண்டாவுக்கு முன்பு இசட்.1, பின்பு டீ.டபிள்யூ.1, நிசான் எக்ஸ்ட்ரெயிலின் சி.வி.டி. வகைகளுக்கு என்.எஸ்.2 அல்லது என்.எஸ்.3 என்று ஒவ்வொன்றுக்கும் வேறு. தகடு எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஒயிலின் கலவையிலேயே அடங்கியிருக்கிறது. சி.வி.டி. பொக்ஸுக்குச் சாதாரண கியர் ஒயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் இரும்பு பெல்ட்டும் புலியும் உராய்ந்து நாசமாகும். வாகனத்தின் கைநூலைப் பாருங்கள். ஜப்பான் மொழியில் இருக்கிறது என்று அதைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம், ஒயிலின் பெயர் அதில் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே இருக்கும்.

ஒயில் சரி என்றால் ஸ்கேனர். இன்று சிறிய ஊர் கராஜ்களிலும் உண்டு, கைத்தொலைபேசியோடு இணைக்கும் சிறியதை வியாபாரிகளே வாங்கி வைத்திருக்கிறார்கள். பி0700 என்று வந்தால் "கியர் கம்பியூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது" என்பது மட்டுமே அர்த்தம், அதனை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பி0730 என்றால் போட்ட கியருக்கும் சுற்றும் வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, அதாவது ஸ்லிப்பைக் கம்பியூட்டரும் கண்டுவிட்டது. பி0750 என்றால் முதலாவது சொலினோய்ட் பக்கம். பி0740 என்றால் டோர்க் கொன்வேர்ட்டருக்குள் இருக்கும் கிளச்சின் பக்கம். சொலினோய்ட் கோட் வந்தால் உடனே சொலினோய்ட் வாங்காமல், வயரையும் சொக்கட்டையும் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த சொக்கட்டும், எலி கடித்த வயரும், இறுக்கமில்லாத பெட்டரி ஏர்த்தும் செய்யும் கூத்தை நம்ப முடியாது. திடீரென்று ஒரே கியரில் நின்றுகொண்டு மாறவே மாட்டேன் என்றால், கம்பியூட்டர் பொக்ஸைக் காப்பாற்ற அப்படி வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் மின்சாரப் பிழையாகவே இருக்கும். கோட்டை அழித்துவிட்டுச் "சரியாகிவிட்டது" என்று காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அழிப்பதற்கு முன் கோட் எண்ணைப் படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள்.

இவை இரண்டிலும் விடை கிடைக்காவிட்டால் அடிச்சட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சட்டிக்குள் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு போல ஒட்டியிருப்பது சாதாரண தேய்மானம், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். இரும்புத் துண்டுகள், பித்தளைத் துகள்கள், கறுத்த நார்த் துணுக்குகள் கிடந்தால் அது வேறு கதை. சட்டியைத் திறக்கும்போது நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். பில்டரையும் அப்போதே மாற்றலாம்.

அதற்கும் மேலே ஒயில் அழுத்தத்தை கேஜ் போட்டு அளப்பது. பொக்ஸின் பக்கவாட்டில் இதற்கென்றே ஒரு துவாரம் இருக்கும். அழுத்தம் சரியாக இருந்து வழுக்கினால் தகடு தேய்ந்தது, அழுத்தமே குறைவு என்றால் பம்ப், பில்டர், வால்வ் பொடி. இந்த அளவீட்டை எமது கராஜ்களில் செய்பவர் குறைவு. செய்பவரைக் கண்டால் விடாதீர்கள். பிரேக்கை மிதித்தபடி டி யில் போட்டு முழு அக்சிலேட்டரையும் மிதித்துப் பார்ப்பது ஒரு சோதனைதான், ஆனால் ஐந்து நொடிக்கு மேல் போனால் சோதனையே பொக்ஸை எரித்துவிடும். வீட்டு முற்றத்தில் யாரும் முயற்சிக்க வேண்டாம்.

"பழைய பொக்ஸுக்கு ஒயில் மாற்றினால் செத்துவிடும்" என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். அதில் பாதி உண்மை. தகடு ஏற்கனவே எரிந்து, கருகிய துகள்கள் ஒயிலில் மிதந்து ஒருவிதமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பொக்ஸுக்குப் புது ஒயில் ஊற்றினால் மறுவாரமே நின்றுவிடலாம். அதைக் கொன்றது புது ஒயில் அல்ல, மாற்றாமல் விட்ட ஒரு இலட்சம் கிலோமீற்றர். ஸ்லிப் இல்லாத பொக்ஸுக்கு மெஷின் போட்டுக் கழுவாமல், வடித்து ஊற்றுவதே பாதுகாப்பு. ஒரு முறை வடித்தால் உள்ளே இருப்பதில் ஏறக்குறைய பாதியோ அதிலும் குறைவாகவோதான் வெளியே வரும், மிகுதி டோர்க் கொன்வேர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு மீண்டும் ஓரிரு தடவை வடித்து ஊற்ற வேண்டும். போத்தலில் விற்கும் "ஸ்லிப் மருந்து" சீலை ஊதச் செய்து ஒயிலைத் தடிக்கச் செய்கிறது. சில கிழமைகள் ஆறுதல் தரும், எரிந்த நாரை அது ஒட்டப் போவதில்லை.

என்னுடைய பொக்ஸின் சட்டியைத் திறந்தபோது கறுப்புத் தூள் கையளவு இருந்தது. "முதலாளி, இதற்கு இனி ஒயில் ஊற்றிப் பிரயோசனமில்லை" என்றார் பாஸ். அவர் சொன்னது சரி. இந்தக் கட்டத்தில் இரண்டு வழி. இருக்கும் பொக்ஸைப் பிரித்துத் தகடு, சீல், கெஸ்கட் கிட் போட்டுச் செய்வது ஒன்று. பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் பாவித்த பொக்ஸ் வாங்கிப் பூட்டுவது மற்றது. இரண்டாவது வேகமான வழி, இரண்டு மூன்று நாளில் வாகனம் கைக்கு வரும். ஆனால் பாவித்த பொக்ஸ் என்பது மூடிய பொட்டலம். வாங்குவதற்கு முன் பொக்ஸின் இலக்கம் உங்கள் வாகனத்தின் தகட்டிலுள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரே மொடலில் எஞ்சினுக்கு எஞ்சின், டூவீல், போவீல் என்று மாறும். கடைக்காரரிடம் சட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உத்தரவாதம் எத்தனை நாள், பழுதானால் பொக்ஸ் மட்டுமா, பூட்டுக் கூலியும் சேர்த்தா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி குர்ஆனில் ஏவப்பட்ட சமூகம் நாம், பஞ்சிகாவத்தைக்குப் போனதும் ஏனோ வாய்ச் சொல்லில் நின்றுவிடுகிறோம்.

நான் பிரித்துச் செய்யும் வழியை எடுத்தேன், பாஸ் நம்பிக்கையானவர் என்பதால். தகடோடு டோர்க் கொன்வேர்ட்டரையும் வெட்டிச் சுத்தம் செய்து போட்டார். கூலரையும் குழாய்களையும் கழுவினார். இதை விட்டுவிட்டால் பழைய தூள் அப்படியே புது வேலைக்குள் போய்ச் சேரும். பெரும் செலவில் செய்த பொக்ஸ்கள் சில மாதத்தில் திரும்பி வருவதற்கு இது முக்கிய காரணம். ரேடியேற்றருக்கு முன்னால் தனியான சிறு ஒயில் கூலர் ஒன்றையும் பூட்டினோம். மலைநாட்டுப் பாதையில் ஓடுபவர்களுக்கு அது வீண் செலவல்ல.

வாகனம் கராஜில் கிடந்த நாட்களில் தரகர் ஒருவர் வந்தார். "தடித்த ஒயிலும் மருந்தும் ஊற்றி விடுவோம், ஒரு மாதம் அழகாக ஓடும், தூரத்து ஊரில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், இன்றே விற்கலாம்" என்றார். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட் விலை, கூலி, வியாபாரம் தடைப்பட்ட நாட்கள், எல்லாவற்றையும் வாங்குபவன் தலையில் போட்டுவிடலாம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் எமக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். கியர் ஒயில் தானியத்தை விட ஆழமான இடம், யாரும் கையை விட்டுப் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம்தான் சோதனை. மறைத்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை எமது பிக்ஹ் நூல்கள் கியாருல் ஐப் என்ற பெயரில் பேசுகின்றன. தரகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

வாங்கும் பக்கத்திலும் இதே தந்திரம் எம்மீது நடக்கும். பாவித்த ஓட்டோ வாகனம் பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், அரை மணித்தியாலம் ஓடிச் சூடான பின் ஒரு முறையும் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். தடித்த ஒயிலும் மருந்தும் குளிரில் மறைக்கும், சூட்டில் காட்டிக்கொடுத்துவிடும். விற்பவர் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட விடாமல் "ளுஹர் தொழுகைக்கு நேரமாகிறது" என்றால், தொழுதுவிட்டு வந்து மீண்டும் ஓட்டுங்கள்.

இப்போது என் வாகனத்தின் டாஷ்போட் பெட்டியில் ஒரு சிறு கொப்பி இருக்கிறது. ஊற்றிய ஒயிலின் பெயர், எத்தனை லீற்றர், மீற்றரில் எத்தனை கிலோமீற்றர், யார் செய்தது, எல்லாம் அதில் உண்டு. ஒயிலை 40,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை வடிப்பதாகக் கணக்கு. சென்ற மாதம் கடுகண்ணாவையில் ஏறும்போது மனைவி ஆர்.பி.எம். முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். 2500இல் நின்றது.